பெயர் சொல்லாத கார், பெயர் சொன்ன ஜீப்

சாலையின் கதை – 31

சென்ற பகுதியை 1986 பிப்ரவரியில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நிறுத்தியிருந்தோம். வாகனப் பொறியாளர்கள் கூடிய மாநாட்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ‘கேன்’ என்ற தகவல் தொடர்பு முறையை அறிமுகம் செய்த நேரம். அதற்கு முன்பு ஒரு காரில் எத்தனை விளக்கோ, எத்தனை சுவிட்சோ, அத்தனை ஒயர். சொகுசு கார் என்றால் ஒயர்க்கட்டின் எடையே பெரிய தலைவலி. கேன் வந்தபின் முறுக்கிய இரண்டு ஒயர் போதும் என்றாயிற்று. என்ஜினைக் கவனிக்கும் சிறு கணினி, பிரேக்கைக் கவனிக்கும் கணினி, கதவுப் பூட்டு, ஸ்பீடோமீட்டர் எல்லாமே அந்த இரண்டு ஒயரில்தான் பேசும். அதிலேயே காது கொடுத்துக் கேட்கும்.

இந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஓர் எண். எண் சிறியதென்றால் அவசரம் அதிகம். இரண்டு செய்திகள் முட்டிக்கொண்டால் சிறிய எண் போகும், பெரிய எண் காத்திருக்கும். எண்ணுக்குப் பின்னால் அதிகபட்சம் 8 பைட் தகவல். அவ்வளவுதான். அனுப்பியது யார் என்பதற்கு அதில் இடமே கிடையாது. கிராமத்துத் தண்டோரா மாதிரிதான்: சேதி காதில் விழுந்தால் ஊர் நம்பிவிடும், தமுக்கடித்தது யார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

இதற்காகப் பாஷ் பொறியாளர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. 1986-இல் கார் என்பது மூடிய பெட்டி. உள்ளே இருந்த கருவிகளெல்லாம் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை. வெளியாள் உள்ளே வந்து பேச வழியே இல்லாதபோது ‘யார் நீ’ என்று கேட்கும் ஏற்பாட்டுக்குக் காசு செலவழிக்க யாருக்குத் தோன்றும்?

வழிகள் பின்னால் திறந்தன, ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடுதான். புகைக் கட்டுப்பாட்டைச் சோதிக்க வசதியாக, 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பொதுவான சோதனை இணைப்பு கட்டாயமானது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் ஓ.பி.டி. போர்ட் அதுதான். அதே 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஆன்ஸ்டார்’ சேவையைத் தொடங்கியது. விபத்து நடந்தால் கார் தானாகவே செல்பேசி வலையமைப்பு வழியாக உதவி மையத்தை அழைக்கும். உயிர் காத்த சேவை, சந்தேகமில்லை. பிறகு ப்ளூடூத் வந்தது, வைஃபை வந்தது, தொடுதிரை வந்தது. உள்ளே ஓடிய இரண்டு ஒயர் மட்டும் யார் பேசினாலும் நம்பும் பழைய குணத்தோடு அப்படியே இருந்தது.

இதை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ததயோஷி கோனோ, சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சாவேஜ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து, ஒரே வகையான இரண்டு கார்களை வாங்கின. ஓ.பி.டி. போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி உள்ளே ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். எந்த எண் எந்த வேலைக்கு என்று கார்க் கையேட்டில் எழுதியிருக்காது. ஆகவே வாய்க்கு வந்ததை உளறுவதுபோல ஏதேதோ எண்களை அனுப்பி, கார் என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கென்றே ‘கார்ஷார்க்’ என்று ஒரு மென்பொருளையும் எழுதினார்கள்.

முதலில் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் காற்றில் சுற்றவிட்டுச் சோதனை. பிறகு கனடா எல்லையை ஒட்டிய ப்ளெய்ன் என்ற ஊரில், பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளம். சோதனைக் காரை ஒருவர் ஓட்ட, இன்னொரு கார் லேப்டாப்போடு பின்தொடர்ந்தது. கட்டளை போனதும் ஓட்டுநர் எவ்வளவு பலமாக மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த காரின் ஸ்பீடோமீட்டர் மணிக்கு 140 மைல் என்று காட்டியது. ‘சுய அழிப்பு’ என்று ஒரு விளையாட்டையும் செய்து வைத்திருந்தார்கள்: டேஷ்போர்டில் 60-இலிருந்து எண்ணிக்கை இறங்கும், கடைசி நொடிகளில் ஹாரன் அலறும், பூஜ்யம் வந்ததும் என்ஜின் அணைந்து கதவுகள் பூட்டிக்கொள்ளும். நிறைய சினிமா பார்த்த மாணவர்கள் போலிருக்கிறது.

2010 மே மாதம் இந்த ஆய்வு வெளியானது. கார் யாருடையது என்று அதில் ஒரு வரி இல்லை. தயாரித்த நிறுவனத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார்கள். படித்தவர்களில் பலர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார்கள்: லேப்டாப்பைச் செருகக் காருக்குள் வர வேண்டுமே, உள்ளே வருகிறவன் பிரேக் குழாயையே அறுத்துவிட்டுப் போகலாமே?

அந்தக் கேள்விக்கான பதில் அடுத்த ஆண்டே வந்தது. 2011-இல் அதே குழு, காரைத் தொடாமலே உள்ளே நுழையும் வழிகளை வரிசையாகச் செய்து காட்டியது. ஒரு பாட்டு சி.டி. வீட்டுக் கணினியில் போட்டால் பாட்டு ஒழுங்காகப் பாடும். காரில் போட்டால் பாடிக்கொண்டே மென்பொருளை மாற்றிவிடும். ப்ளூடூத் ஒரு வழி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தொலைபேசி வழி. காரின் உள்ளே இருக்கும் ஆன்ஸ்டார் போன்ற கருவிக்கு ஒரு தொலைபேசி எண் உண்டு. அலுவலகத் தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்து, ஐபாடில் பதிந்து வைத்த ஒரு ‘பாட்டை’ ஒலிவாங்கிக்கு முன்னால் ஒலிக்கவிட்டார்கள். காதுக்கு அது வெறும் இரைச்சல். காருக்கு அது கட்டளை. கார் அவர்கள் வசமானது. எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கலாம், பூட்டைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகலாம்.

இப்போதும் பெயர் சொல்லவில்லை.

அது ஜெனரல் மோட்டார்ஸின் 2009 மாடல் ஷெவர்லே இம்பாலா என்பது 2015 செப்டம்பரில், வயர்ட் இதழ் எழுதியபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: 2010-இலேயே தகவல் கிடைத்தும், அந்தக் கார்களுக்கு முழுமையான திருத்தம் போய்ச்சேர ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. இடையில் சில தற்காலிகத் தடுப்புகளைப் போட்டது, 2014-இல் இதற்கென்று தனி அதிகாரியை நியமித்தது. விற்ற காரின் மென்பொருளைத் தொலைவிலிருந்து மாற்றும் பழக்கமே 2010-இல் கார்த் தொழிலில் இல்லை. ஆனாலும் 5 ஆண்டுகள்! அத்தனை காலமும் லட்சக்கணக்கானோர் அந்தக் கார்களில் குடும்பத்தோடு போய்வந்துகொண்டிருந்தார்கள், தங்கள் காரைத் தொலைபேசியில் அழைத்து வசப்படுத்தலாம் என்பது தெரியாமலே.

பேராசிரியர்களின் மௌனத்துக்குக் காரணம் இருந்தது. குறை எல்லா நிறுவனங்களுக்கும் பொது. கையில் அகப்பட்ட ஒன்றை மட்டும் சந்தியில் நிறுத்துவது முறையல்ல, கெட்டவனுக்குப் பாதை காட்டுவதும் முறையல்ல என்று நினைத்தார்கள். கண்ணியமான முடிவு. அந்தக் கண்ணியத்தின் பலன் நிறுவனத்துக்குப் போனது, கார் வைத்திருந்தவருக்குப் போகவில்லை என்பது என் கட்சி.

அடுத்து வந்த இருவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சார்லி மில்லர், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தவர், ஐபோன் வெளிவந்த 2007-இலேயே அதை உடைத்துக் காட்டிப் பெயர் வாங்கியவர். கிறிஸ் வாலசெக், ஐஓஆக்டிவ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பாவின் உதவித்தொகையில் ஃபோர்டு எஸ்கேப் ஒன்றும் டொயோட்டா பிரியஸ் ஒன்றும் வாங்கி, டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிரேக்கைச் செயலிழக்க வைக்கும் சோதனை அளவுக்கு மீறி வெற்றி பெற்றதில் மில்லர் தன் வீட்டு கராஜின் பின்சுவரிலேயே மோதினார்; நடுவில் இருந்த புல்வெட்டும் இயந்திரம் நசுங்கியது. 2013 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் கார்களின் பெயர், செய்தி எண்கள், நிரல் என எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். டொயோட்டா அசரவில்லை. செருகி உடைப்பது எங்கள் கவலையல்ல, வெளியிலிருந்து கம்பியில்லாமல் வருவதைத் தடுப்பதே எங்கள் நோக்கம், அதில் எங்கள் அமைப்பு உறுதியானது என்ற தொனியில் பதில் சொன்னது.

இருவரும் அதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டார்கள். பல நிறுவனங்களின் மாடல்களின் வரைபடங்களைத் திரட்டி, எதில் ரேடியோவுக்கும் பிரேக்குக்கும் இடைவெளி குறைவு என்று பார்த்து 2014-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். மிகவும் பலவீனமானவை என்று குறித்தவற்றில் ஒன்று 2014 மாடல் ஜீப் செரோக்கி. மில்லர் அதையே வாங்கினார்.

அந்த ஜீப்பை உடைத்த கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் தொடுதிரையின் பெயர் யூகனெக்ட்; செய்து கொடுத்தது ஹார்மன் நிறுவனம். காருக்குள் வைஃபை தரும் வசதி அதில் உண்டு. அந்த வைஃபை பாஸ்வேர்டை, கருவி முதன்முதலில் உயிர்பெறும் நேரத்தை வைத்துத் தானாக உருவாக்குகிறார்கள். நேரம் நொடிக்கு நொடி மாறுவதால் ஊகிப்பது கடினம் என்பது கணக்கு. ஆனால் முதன்முதலில் விழிக்கும் கருவிக்கு இன்று என்ன தேதி என்று தெரியாதே! அது தன் உள்ளிருப்புத் தேதியான 2013 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. மில்லரின் ஜீப்புக்குப் பாஸ்வேர்டு பிறந்தது அதற்கு 32 நொடி கழித்து. ஊகிக்க வேண்டியது சில டஜன் எண்கள்தான்.

வைஃபை எட்டும் தூரம் குறைவு என்பதால் இது பெரிய ஆபத்தில்லை என்று விட்டிருக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தபோது 6667 என்ற எண்ணுள்ள போர்ட் திறந்து கிடந்தது. காருக்குள் இருக்கும் மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான வழி அது. பாஸ்வேர்டு கிடையாது, வந்தவர் இட்ட கட்டளையை நிறைவேற்றியது. சரி, இதுவும் காருக்குள்ளேதானே என்று பார்த்தால், யூகனெக்ட் இணையத்துக்குப் போக ஸ்பிரிண்ட் நிறுவனத்தின் செல்பேசி வலையமைப்பைப் பயன்படுத்தியது. அந்த வலையமைப்பில் இருக்கும் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேரடியாகப் பேசத் தடை இருக்கவில்லை. ஒரு ஸ்பிரிண்ட் செல்பேசியை லேப்டாப்போடு இணைத்துத் துழாவினார்கள். திரையில் கார்கள் வந்து விழுந்தன. எங்கோ ஓடும் டாட்ஜ் டுராங்கோ, எங்கோ நிற்கும் ராம் பிக்கப், ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு.

ஒரு தடை மிச்சமிருந்தது. தொடுதிரையின் முக்கியச் சிப் கேன் ஒயரைத் தொட முடியாது. நடுவில் வி850 என்ற வேறொரு சிப் இருந்தது. அது ஒயரில் ஓடுவதைக் கேட்கலாமே தவிரப் பேசாது. பார்க்க நல்ல காவல். ஆனால் அந்தச் சிப்பின் மென்பொருளைத் தொடுதிரையிலிருந்தே மாற்றி எழுத முடிந்தது. புதிய மென்பொருள் உண்மையிலேயே நிறுவனத்துடையதா என்று சிப் சரிபார்க்கவில்லை. இருவரும் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பின் இருந்தது தண்டோரா மட்டும்தான்.

இதில் யார் குற்றவாளி? போர்ட்டைத் திறந்து வைத்தது ஒருவர், வலையமைப்பில் தடை போடாதது இன்னொருவர், மென்பொருளைச் சரிபார்க்காதது வேறொருவர். ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்த்து, மிச்சத்தை அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். ஜீப்பைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லருக்கு 2014 அக்டோபரிலேயே மில்லரும் வாலசெக்கும் தகவல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 2015 ஜூலை 16 அன்று நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. கார் வைத்திருப்பவர் அதைத் தேடிப்பிடித்து, பென் டிரைவில் ஏற்றி, காரில் செருக வேண்டும்; அல்லது டீலரிடம் போக வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்?

ஜூலை 21 அன்று வயர்ட் இதழில் ஆண்டி கிரீன்பெர்கின் கட்டுரை வெளியானது. செயின்ட் லூயிஸ் நகர விளிம்பில், நெடுஞ்சாலையில், மணிக்கு 70 மைல் வேகத்தில் அவர் மில்லரின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். சுமார் 10 மைல் தள்ளி மில்லர் வீட்டில் லேப்டாப்போடு இருவர். முதலில் ஏ.சி. முழு வேகத்தில் குளிரைக் கொட்டியது. ரேடியோ தானாக நிலையம் மாறி உச்ச ஒலியில் அலறியது. குமிழைத் திருகியும் குறையவில்லை. வைப்பர் ஓடி, கண்ணாடி முழுக்கத் தண்ணீர் பீய்ச்சியது. திரையில் இரு ஹேக்கர்களும் டிராக் சூட்டில் நிற்கும் படம். இதுவரை சிரிக்கலாம். அடுத்து கியரின் தொடர்பை அறுத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. சாலையோரம் ஒதுங்க இடமில்லாத நீண்ட மேம்பாலம் அது. பின்னாலிருந்து ஒரு பெரிய டிரெய்லர் லாரி நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ தப்பி, அடுத்த வெளிவழியில் இறங்கி, வண்டியை அணைத்துப் போட்டபிறகே கியர் சரியானது. பிரேக்கைப் பிடுங்கும் வித்தையை, நல்லவேளையாக, காலி வாகன நிறுத்துமிடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஜீப் மெல்ல உருண்டு பள்ளத்தில் இறங்கியது. குறைந்த வேகத்தில்தான் அது சாத்தியமாகவும் இருந்தது.

அந்த மேம்பாலச் சோதனை தவறு. கிரீன்பெர்க் தெரிந்தே ஏறினார். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் எந்தச் சோதனைக்கும் சம்மதம் தரவில்லை. ப்ளெய்ன் ஓடுதளத்தில் பேராசிரியர்கள் காட்டிய கவனத்தில் பாதிகூட இங்கே இல்லை.

ஆனால் அதற்குப்பின் நடந்ததைப் பாருங்கள். கட்டுரை வந்த அதே நாளில் எட் மார்க்கி, ரிச்சர்ட் புளூமென்தல் என்ற இரு செனட்டர்கள் கார்களின் கணினிப் பாதுகாப்புக்குக் கட்டாய விதி கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். சில நாட்களில் ஸ்பிரிண்ட் தன் வலையமைப்பில் 6667 போர்ட்டை அடைத்தது. ஜூலை 24 அன்று ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. கணினி ஊடுருவலுக்கு அஞ்சி கார்கள் திரும்ப அழைக்கப்பட்டது அதுவே முதல் முறை. பெயர் சொல்லாத இம்பாலாவுக்கு 5 ஆண்டுகள். பெயர் சொன்ன ஜீப்புக்கு, 9 மாதத் தனிக் கடிதங்களுக்குப் பின், 3 நாட்கள். அநாமதேயமாகச் சொல்லியிருந்தால் அந்த 14 லட்சம் கார்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் 6667-ஐத் திறந்து வைத்துக்கொண்டு ஓடியிருக்கும்? முறை தப்பான அந்தச் சத்தம் தேவையாகத்தான் இருந்தது.

திருத்தத்தை எப்படி அனுப்பினார்கள் என்பது தனி நகைச்சுவை. உரிமையாளர்களின் வீடுகளுக்குத் தபாலில் பென் டிரைவ் போனது. தபாலில் வரும் பென் டிரைவைச் செருகாதே என்றுதான் பாதுகாப்பு நிபுணர்கள் அத்தனை ஆண்டுகளாக ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு வேறொரு முறையைப் பார்க்கக் கிடைத்தது. 2016 செப்டம்பரில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கீன் ஆய்வகம், ஓடிக்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் பிரேக்கை 12 மைல் தொலைவிலிருந்து போட்டுக் காட்டியது. டெஸ்லா 10 நாட்களுக்குள் காற்றுவழியாகவே எல்லாக் கார்களுக்கும் திருத்தத்தை அனுப்பியது. அதோடு, நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கருவிகள் ஏற்காதபடியும் மாற்றியது. ஜீப்பின் வி850 சிப்பில் இல்லாமல் போனது அதுதான். தொலைவிலிருந்து கெடுக்க உதவும் அதே வழி தொலைவிலிருந்து குணப்படுத்தவும் உதவும் என்பதைக் கார்த் தொழில் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மில்லரும் வாலசெக்கும் என்ன ஆனார்கள்? 2015 ஆகஸ்டிலேயே ஊபர் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2017-இல் ஓட்டுநரில்லாக் கார்களை உருவாக்கிய குரூஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். குரூஸின் உரிமையாளர் ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது அந்தப் பெயர் சொல்லாத இம்பாலாவைத் தயாரித்தவர். அங்கே அவர்கள் எழுதிய மருந்துச் சீட்டு எளிமையானது. ஓட்டுநரில்லா வாடகைக் காருக்கு ப்ளூடூத் எதற்கு? எடுத்துவிடு. ரேடியோ எதற்கு? எடுத்துவிடு. வெளியிலிருந்து வரும் எந்த அழைப்புக்கும் கார் பதில் சொல்ல வேண்டாம். பேச வேண்டுமென்றால் கார்தான் முதலில் கூப்பிடும். இருபது ஆண்டுகளாகக் கார் விளம்பரங்கள் எவற்றை வசதி என்று கூவினவோ, அவற்றையே பாதுகாப்புக்காகக் கழற்றிப் போட்டார்கள். குரூஸின் வாடகைக் கார்த் திட்டத்தை 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது, வேறு காரணங்களுக்காக.

ஓட்டுநரில்லாக் காரை ஏமாற்றச் சில சமயம் உள்ளே நுழையவும் வேண்டாம். 2020-இல் மெக்காஃபி ஆய்வாளர்கள், மணிக்கு 35 மைல் என்ற வேகவரம்புப் பலகையில் 3 என்ற எண்ணின் நடுக்கோட்டைக் கறுப்பு டேப் ஒட்டிச் சற்று நீட்டினார்கள். 2016 மாடல் டெஸ்லாவின் கேமரா அதை 85 என்று படித்தது, கார் வேகமெடுத்தது. கேமராவின் கண்ணைக் கட்டும் இந்தக் கலையை அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

சட்டத்தின் பக்கம் ஐரோப்பா முந்திக்கொண்டது. ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிக் குழு 2020 ஜூனில் ஆர்155 என்ற விதியை ஏற்றது. காரை விற்க வேண்டுமென்றால், ஊடுருவல் அபாயங்களைக் கண்டறியவும், விற்ற பிறகும் கண்காணிக்கவும் ஏற்பாடு இருப்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். உதிரிபாகம் தருகிறவரின் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில். ‘அடுத்தவர் பார்த்திருப்பார்’ என்று இனிச் சொல்ல முடியாது. 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கட்டாயமாக்கியது. பழைய மின்னணு அமைப்போடு வந்த போர்ஷே 718, பெட்ரோல் மக்கான் போன்ற கார்களைப் புதுப்பிப்பது கட்டுப்படியாகாது என்று போர்ஷே அவற்றை அங்கே விற்பதையே நிறுத்திக்கொண்டது.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2016-இலும் 2022-இலும் வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது. பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம். 2015 ஜூலை 21 அன்று வந்த செனட்டர்களின் மசோதா சட்டமாகவே இல்லை.

(தொடரும்)